சிஎம்டிபி: சர்வீஸ் பதிவிலும் அனுமதியிலும் நாம் செய்யும் தவறுகள்

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் சிஎம்டிபியை, அதாவது நிறுவனத்தின் சர்வர்கள், மென்பொருட்கள், அவற்றுக்கு இடையிலான இணைப்புகள் எல்லாவற்றையும் பதிந்துவைக்கும் தரவுத்தளத்தைத் திறந்து, ‘பேரோல்’ (சம்பளக் கணக்கு) என்று தேடினால் ஐந்து பதிவுகள் வரும். பேரோல், பேரோல் புதுசு, பேரோல் டெஸ்ட், ஹெச்ஆர் பேரோல், போதாததற்கு ஒரு சர்வரின் பெயரிலேயே இன்னொன்று. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு நின்றுபோன அன்று, டிக்கெட்டை (கோளாறு பற்றிய புகார்ப் பதிவை) எதன் மேல் போடுவது என்பதிலேயே அரை மணி நேரம் ஓடிவிட்டது. ஒருவழியாகச் சரியான பதிவைப் பிடித்தால், அதில் பொறுப்பாளராக இருந்தவர் வேலையை விட்டுப் போய் ஒன்றரை வருடம். ஆள் போனாலும் அவருடைய அட்மின் அனுமதி அப்படியே இருந்தது.

சிஎம்டிபிக்கு நாங்கள் வைத்திருந்தது ஐடாப் (iTop) என்ற இலவச மென்பொருள். உதாரணங்களை அதிலிருந்தே சொல்கிறேன். வேறு கருவி வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள்தான் மாறும்.

முதல் குழப்பம், சர்வரையே சர்வீஸ் என்று எழுதிவைப்பது. சர்வர் இந்த வருடம் ஒன்று, அடுத்த வருடம் வேறொன்று. ‘சம்பளம்’ என்ற சேவை அப்படியே இருக்கும். ஐடாப்பில் இதற்குள்ளேயே இன்னொரு பொறி இருக்கிறது. அதில் ‘சர்வீஸ்’ என்பது பட்டியலில் இருக்கும் பொருள் மாதிரி: பயனர் போர்ட்டலில் டிக்கெட் போடும்போது தேர்ந்தெடுப்பது அதைத்தான். எந்த சர்வர் விழுந்தால் எது நிற்கும் என்று காட்டும் படத்தில் வருவது ‘அப்ளிகேஷன் சொல்யூஷன்’. நாங்கள் எல்லாவற்றையும் சர்வீஸ் பக்கத்திலேயே கொட்டியிருந்தோம். டேட்டாபேஸ் சர்வரைச் சொடுக்கி பாதிப்புப் படத்தைத் திறந்தால் அது மட்டும் தன்னந்தனியாக நின்றது. பேரோல் அதன் மேல்தான் ஓடுகிறது என்று எங்கேயும் இணைப்பு இல்லை.

பொறுப்பாளர் இடத்தில் தனி ஆளின் பெயரை மட்டும் போடாதீர்கள், குழுவைப் போடுங்கள். ஆள் மாறினால் குழுவில் ஒரு பெயரை மாற்றினால் போதும், நூறு பதிவைத் தேடித் திருத்த வேண்டாம்.

அப்புறம் அனுமதிகள். இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஐடாப்பில் ஒரு பயனருக்கு இரண்டு விஷயம் முடிவு செய்ய வேண்டும்: அவர் என்ன செய்யலாம் என்பதை ப்ரொஃபைல் சொல்லும், யாருடைய தகவலைப் பார்க்கலாம் என்பதை ‘அனுமதிக்கப்பட்ட நிறுவனங்கள்’ பட்டியல் சொல்லும். அந்தப் பட்டியலைக் காலியாக விட்டால் எதுவும் தெரியாது என்றுதான் நினைக்கத் தோன்றும். நடப்பது நேர் எதிர்: காலியாக இருந்தால் எல்லா நிறுவனமும் தெரியும். இரண்டு மூன்று வாடிக்கையாளர்களின் சர்வர்களை ஒரே இடத்தில் வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு நிறுவனத்தைச் சேர்த்தால் அதன் கீழே உள்ள கிளைகளும் கூடவே வந்துவிடும். அதனால் நிறுவன மரத்தை ஏனோதானோ என்று அடுக்கிவிட்டு, அனுமதியை மட்டும் ஒழுங்காக வைத்துவிட முடியாது.

எல்லாம் முடித்துவிட்டு அட்மின் கணக்கிலேயே சரிபார்ப்பவர்களும் உண்டு. அட்மினுக்கு எல்லாம்தானே தெரியும்! பயனருக்குக் கொடுத்த அதே ப்ரொஃபைலில் ஒரு சோதனைக் கணக்கு போட்டு உள்ளே போய்ப் பாருங்கள். ஸ்கிரிப்ட் ஓடும் கணக்குகளையும் அப்படியே பார்த்துவிடுங்கள். ஏபிஐக்கென்றே (வேறு மென்பொருட்கள் தகவலை எடுக்கும் வழிக்கென்றே) தனி ப்ரொஃபைல் இருக்க, அவசரத்துக்கு அட்மின் கொடுத்தது அப்படியே தங்கியிருக்கும்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது, விளக்கப் பெட்டியில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எழுதிவைப்பதுதான். பார்க்க மட்டும் அனுமதி உள்ளவரும் அதைப் படிப்பார். பார்த்தவுடன் அழித்துவிட்டேன் என்றால் போதாது, மாற்றங்களின் வரலாற்றில் பழைய எழுத்து உட்கார்ந்திருக்கும். பாஸ்வேர்டையே மாற்றுவதுதான் வழி.

தானாக வந்து சேரும் தகவலைக் கையால் திருத்துவதும் வீண் வேலை. மெமரி எவ்வளவு, எந்த ஓஎஸ் என்பதெல்லாம் வெளியிலிருந்து ஒத்திசைவில் வருகிறதென்றால், அடுத்த முறை அது உங்கள் திருத்தத்தின் மேல் எழுதிவிடும். அந்தப் புலங்களைப் பூட்டிவைக்க வசதி இருக்கிறது. பொறுப்புக் குழு, முக்கியத்துவம் போல மனிதருக்கு மட்டுமே தெரிந்தவற்றைத் திறந்து வையுங்கள். சர்வரை அடையாளம் காணப் பெயரை மட்டும் நம்பினால், பெயர் மாறிய அன்று ஒரே இயந்திரத்துக்கு இரண்டு பதிவு வந்து நிற்கும். சீரியல் எண் இருந்தால் அதை வைத்துப் பொருத்துங்கள்.

பழைய பதிவை அழிக்காதீர்கள், நிலையை ‘வழக்கொழிந்தது’ என்று மாற்றினால் போதும். பேரோல் ஐந்தில் மூன்றை அப்படித்தான் ஒதுக்கினோம். அவற்றில் ‘ஹெச்ஆர் பேரோல்’ எதற்கு என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மாதக் கடைசி வரை பொறுத்துப் பார்த்தோம். 30ஆம் தேதி காலை கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது. அது ஒப்பந்தத் தொழிலாளர்களின் சம்பளமாம்.