கடினமான ஆங்கிலச் சொற்களைக் கற்பது எப்படி?

இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுதி மனப்பாடம் செய்வதுதான் பலருக்கும் தெரிந்த வழி. தேர்வுக்கு அது ஓரளவு உதவும். ஆனால் பேசும்போதும் எழுதும்போதும் அந்தச் சொல் வாயில் வராது. ஒரு சொல் எவற்றோடு சேர்ந்து வரும் என்று தெரிந்தால்தான் அதைத் துணிந்து பயன்படுத்த முடியும்.

படி 1: சொற்களைத் தேர்ந்தெடுங்கள்

அகராதியை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். மொழி ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட 'அகாடமிக் வேர்டு லிஸ்ட்' இணையத்தில் கிடைக்கும். உயர்கல்வி நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும்) அதில் உள்ளன. ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள் போதும்.

படி 2: அகராதியைப் பாருங்கள்

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே வந்த அகராதியாக இருக்கட்டும். லாங்மன் அகராதி சுமார் 2000 எளிய சொற்களைக் கொண்டே பொருள் சொல்கிறது. உச்சரிப்பையும் கேட்டுவிடுங்கள்.

படி 3: துணைச் சொற்களோடு எழுதுங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். 'மிட்டிகேட்' என்பதற்குத் 'தணித்தல்' என்று மட்டும் குறித்தால், தாகத்தைத் தணிப்பதற்கும் அதையே போடத் தோன்றும். ஆங்கிலத்தில் தாகத்துக்கு 'க்வென்ச்'தான். 'மிட்டிகேட்' பெரும்பாலும் ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட் போன்றவற்றோடு வரும். 'நொட்டோரியஸ்' இன்னும் ஆபத்தானது. 'பெயர்பெற்ற' என்று படித்துவிட்டு ஒரு நல்ல ஆசிரியரை அப்படிச் சொன்னால், பாராட்டு வசையாகிவிடும். கெட்ட பெயர் எடுத்தவர்களுக்கே அது பொருந்தும். எனவே ஒவ்வொரு சொல்லுக்கும் அதோடு சேர்ந்து வரும் இரண்டு துணைச் சொற்களும், உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியமும் எழுதுங்கள்.

படி 4: வேரைக் கவனியுங்கள்

லத்தீனில் 'பெனெ' என்றால் நன்றாக, 'மாலே' என்றால் தீயதாக. பெனிஃபிட் (நன்மை), பெனவலன்ட் (நல்லெண்ணமுள்ள) ஒரு பக்கம். மால்ஃபங்ஷன் (கோளாறு), மலெவலன்ட் (தீய எண்ணமுள்ள) மறுபக்கம். புதிய சொல்லை ஊகிக்க இது உதவும். ஊகித்ததை அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: இடைவெளி விட்டுத் திருப்பிப் பாருங்கள்

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை எடுத்து, அதன் முன்பக்கம் உங்கள் வாக்கியத்தை எழுதி, கற்க வேண்டிய சொல்லின் இடத்தைக் காலியாக விடுங்கள். பின்பக்கம் விடை. மூன்று பெட்டிகள் வைத்து முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை பாருங்கள். விடை சரியென்றால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் அறிமுகப்படுத்திய முறை இது. கைபேசியில் செய்ய 'ஆங்கி' (Anki) செயலி இருக்கிறது.

படி 6: எழுதிப் பழகுங்கள்

வாரம் ஒரு பத்தி எழுதி, கற்றவற்றில் மூன்று சொற்களைப் பயன்படுத்துங்கள். 'யூஸ்' போதுமான இடத்தில் 'யூட்டிலைஸ்' வேண்டாம்.