நெல்லுக்கு மூடாக்கு: போடும் முன் ஒரு கணக்கு

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணின் மேல் வைக்கோல் போன்றதைப் பரப்பி மூடுவதுதான் மூடாக்கு. அது லாபமா நட்டமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது களைக்கூலிதான். தண்ணீர்ச் செலவு அதற்கு அடுத்தபடி. உங்கள் வயலுக்கும் அப்படித்தானா என்று பார்ப்போம்.

படி 1: வயல் பொருந்துமா?

நீர் தேங்கும் சேற்று வயலுக்கு இது வேண்டாம். வைக்கோல் மிதந்து காற்றடிக்கும் பக்கம் ஒதுங்கும். நீருக்கடியில் அழுகினால், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வரும். சேறடிக்காமல், வரிசையில் நேரடியாக விதைத்து, தண்ணீர் தேக்காமல் பாய்ச்சும் நெல்லுக்குத்தான் இந்தக் கணக்கு.

படி 2: வைக்கோலுக்கு விலை போடுங்கள்

ஒரு சதுர மீட்டருக்கு அரை கிலோ காய்ந்த வைக்கோல் என்று வைத்துக்கொள்வோம். அதை எடைபோட்டு, ஒரு சதுர மீட்டரில் பரப்பிப் பாருங்கள். அளவு கைக்குப் பிடிபட்டுவிடும். ஏக்கருக்கு இது 2 டன். சுமாரான விளைச்சலில் ஒரு ஏக்கரில் கிடைக்கும் வைக்கோல் முழுக்க இதற்கே போய்விடும். சொந்த வைக்கோல்தானே என்று செலவை விட்டுவிடாதீர்கள். விற்றால் என்ன கிடைக்கும், மாட்டுக்குத் தீவனம் வாங்க எவ்வளவு ஆகும், இரண்டில் எது அதிகமோ அதுதான் அதன் விலை. சுமைகூலியும் பரப்பும் கூலியும் தனி.

படி 3: தண்ணீர்

மூடாக்கு தடுப்பது மண்ணிலிருந்து ஆவியாகும் நீரை மட்டும்தான். பயிர் குடிப்பதை அது குறைக்காது. பயிர் அடர்ந்து நிழல் விழுந்த பிறகு இந்தப் பலன் சுருங்கிவிடும். 50 மில்லிமீட்டர் மிச்சமானால், ஏக்கருக்குச் சுமார் 2 லட்சம் லிட்டர். விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் மோட்டாருக்கு அது ஐந்தரை மணி நேர ஓட்டம். அந்த நேரத்துக்கு மின்சாரமோ டீசலோ எவ்வளவு என்று எழுதுங்கள். மின்சாரத்துக்குக் காசு தராதவருக்கு இந்த வரவு பூஜ்யம். ஆனால் தண்ணீரே போதாத வயலில் கதை வேறு. அங்கே மிச்சமான நீர் காப்பாற்றும் விளைச்சலைத்தான் கணக்கில் ஏற்ற வேண்டும்.

படி 4: களை

நீர் தேங்காத வயலில் களைதான் பெரிய எதிரி. முதல் ஒன்றரை மாதத்தில் அதை விட்டுவிட்டால் விளைச்சல் போய்விடும். 10 மீட்டருக்கு 10 மீட்டரில் இரண்டு பாத்தி பிரித்து, ஒன்றில் மட்டும் மூடாக்கு போடுங்கள். இரண்டிலும் ஒரே ஆள், ஒரே நாளில் களை எடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தைக் குறித்து, வித்தியாசத்தை 40-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு மிச்சமாகும் வேலை நேரம் வரும். கோரை மாதிரிக் குத்தி வரும் களைகளை வைக்கோல் அவ்வளவாக அடக்காது. அவை மண்டிய இடத்தில் இந்தச் சோதனையைச் செய்யாமல் முடிவெடுக்காதீர்கள்.

படி 5: உரம்

ஒரு டன் வைக்கோலில் சுமார் 12 முதல் 17 கிலோ பொட்டாசியம் உண்டு. அது மழையிலும் பாசனத்திலும் எளிதில் கரைந்து மண்ணில் இறங்கும் என்பதால் வரவில் சேர்க்கலாம். மட்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தைப் பிடித்துவைக்கும். இளம்பயிர் வெளுத்தால் கூடுதல் யூரியாவைச் செலவில் எழுதுங்கள்.

படி 6: கூட்டிக் கழியுங்கள்

ஒரு பக்கம் வைக்கோல், கூலி, யூரியா. மறுபக்கம் மிச்சமான களைக்கூலி, தண்ணீர், பொட்டாசியம். விளைச்சல் வித்தியாசத்தை ஊகிக்க வேண்டாம். அறுவடையில் இரண்டு பாத்தி நெல்லையும் தனித்தனியாக எடைபோட்டு, வித்தியாசத்தைக் கணக்கில் சேருங்கள்.

பிளாஸ்டிக் தாளும் ஒரு வழிதான். சீனாவின் குளிர்ந்த மலைப்பகுதிகளில் மண்ணைச் சூடாக வைக்கவும் அது உதவுகிறது. அறுவடைக்குப் பின் கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி எடுக்கும் கூலியையும் சேர்த்துத்தான் அதை வைக்கோலோடு ஒப்பிட வேண்டும்.

வைக்கோல் பற்றவில்லையா? வயல் முழுக்க மெல்லிசாகத் தூவாதீர்கள். சீக்கிரம் காய்கிற மேட்டுப் பகுதிக்கு மட்டும் முழு அளவில் போடுங்கள்.