பயறு நொதிக்க வைக்கும் உறையைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகள்

தயிருக்கு உறை ஊற்றத் தெரிந்தவர்களுக்குச் சோயாவை நொதிக்க வைப்பதும் அதே வேலைதான் என்று தோன்றும். ஜப்பானின் நாட்டோ, சிக்கிமின் கினேமா, மணிப்பூரின் ஹவாய்ஜார் போன்ற நொதித்த சோயாப் பண்டங்களைக் கடலூரிலோ புதுச்சேரியிலோ சிறிய அளவில் செய்து பார்க்க விரும்புவோர் முதலில் சறுக்கும் இடம் அதுவே. பாலிலும் இட்லி மாவிலும் வளரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பை உண்டாக்குகின்றன. கெட்ட கிருமிகள் பலவற்றுக்கு அந்தப் புளிப்பே தடையாக நிற்கிறது. வெந்த பயற்றில் வளரும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவோ புரதத்தை உடைத்து அமோனியாவை வெளியிடுவதால், அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 8 வரையிலும், அதாவது காரத்தன்மைக்கு, ஏறிவிடுகிறது. புளிப்பின் காவல் அங்கே கிடையாது. ஆகவே, நேற்றைய பண்டத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து இன்றைய பயற்றில் கலக்கும் வழக்கம், இடையில் புகுந்த கிருமியையும் சேர்த்து வளர்ப்பதாக முடியலாம்.

அப்படிப் புகக்கூடியவற்றில் மிகவும் அஞ்ச வேண்டியது பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. சப்டிலிஸைப் போலவே இதுவும் வெப்பம் தாங்கும் வித்துகளை (பாக்டீரியாவின் உறக்க நிலை வடிவங்களை) உண்டாக்குவதால், பயற்றை வேகவைப்பதால் மட்டும் இது ஒழிவதில்லை. இதன் சில ரகங்கள் (ஒரே இனத்துக்குள் உள்ள உட்பிரிவுகள்) சுரக்கும் செரியுலைடு என்ற வாந்தி நச்சு 121 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் சூடாக்கினாலும் செயலிழப்பதில்லை. ‘குழம்பில் கொதிக்கத்தானே போகிறது’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. நல்ல மணமுள்ள ரகத்தை முதலில் பொறுக்கிவிட்டு, அது நச்சு சுரக்குமா என்பதைக் கடைசியில் பார்ப்பவர்கள் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். மானிட்டால் என்ற இனிப்புப் பொருளும் முட்டை மஞ்சள் கருவும் சேர்ந்த வளர்ப்பு ஊடகத்தில் சீரியஸ் பொதுவாக இளஞ்சிவப்பாக, வெண்ணிறப் படிவு சூழ வளரும். சப்டிலிஸ் வளர்ந்தால் மஞ்சளாகத் தெரியும். இது முதல் வடிகட்டல் மட்டுமே. பாக்டீரியாவை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் 16எஸ் மரபணு வரிசை ஒன்றை மட்டும் வைத்து நெருங்கிய இனங்களை உறுதியாகப் பிரிக்க இயலாது என்பதால், ஜைர்பி (gyrB) போன்ற வேறு மரபணுக்களையும், நச்சு மரபணுக்கள் உள்ளனவா என்பதையும், பிற கிருமிகளுக்குத் தாவக்கூடிய ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறன் உண்டா என்பதையும் பார்த்தாக வேண்டும். சண்டிகரின் நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையத்திலிருந்து பெயரும் எண்ணுமாக வாங்கிய ரகம் என்பதற்காகவே அது உணவுக்கு உகந்ததாகிவிடாது.

மணத்தை நம்புவதிலும் சிக்கல் உண்டு. கடலூர் முதுநகரின் கருவாட்டு வாடையில் வளர்ந்த மூக்குக்கு அமோனியா நெடி பெரிதாகப் படாது. பழக்கமில்லாதவருக்கோ நல்ல நாட்டோவும் கெட்டுப்போனதாகவே தோன்றும்.

பால் கலந்த அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த்தட்டில்) புரதம் உடைந்ததைக் காட்டும் தெளிவளையம் அகலமாக உள்ள ரகமே சிறந்தது என்று முடிவு கட்டுவது ஆய்வுக்கூடங்களில் பரவலான தவறு. புரதத்தை அளவுக்கு மீறி உடைக்கும் ரகம் கசப்பையும் மிகையான அமோனியாவையும் தரக்கூடும். தட்டில் தேறியதை, செய்யப்போகும் பயற்றிலேயே சோதிக்க வேண்டும். சோயாவில் நன்றாக வந்த ரகம், மாவுச்சத்து மிகுந்த மொச்சையிலோ கொள்ளிலோ அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. நூல்போல் இழுபடும் பிசுபிசுப்பு நாட்டோவுக்கும் கினேமாவுக்கும் அழகு. உலர்த்தி இடித்துக் குழம்பில் சேர்க்கும் பொடிக்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வெப்பநிலையையும் அந்தந்த ஊரின் காலத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இன்குபேட்டரில் 37 டிகிரியில் தேர்ந்தெடுத்த ரகத்தைச் சித்திரை வெயிலில் கொதிக்கும் அறையிலும், மார்கழிக் குளிரிலும் ஒன்றுபோல எதிர்பார்க்கிறார்கள். நொதிக்கும் பயற்றுக் குவியல் தானாகவே சூடேறும் என்பதையும் கணக்கில் கொள்வதில்லை.

கடைசியாக, தேர்ந்தெடுத்த ரகத்தை மாதக்கணக்கில் தட்டு மாற்றித் தட்டு மாற்றியே வளர்த்து வருவதும் தவறு. நாட்டோ ரகங்களில் இடம்பெயரும் மரபணுத் துண்டு ஒன்று தானாகவே நகர்ந்து, பிசின் உண்டாக்குவதற்குத் தேவையான மரபணுவினுள் புகுந்து அதை முடக்குவது ஆய்வுகளில் கண்டறியப்பட்ட செய்தி. எனவே முதல் வளர்ப்பிலேயே, உறைவில் செல்கள் சிதையாமல் காக்கும் கிளிசராலைச் சேர்த்துச் சில குப்பிகளை உறைநிலையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அவற்றிலிருந்து புதிதாக வித்துகளைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். அந்த வித்துக் கரைசலைப் பயறு வெந்து இறக்கிய சூட்டோடு தெளித்தால், வித்தாக இல்லாத பிற கிருமிகள் அந்தச் சூட்டில் பின்தங்கிவிடும்.