ஐஸ் ஹாக்கி ஸ்கேட்ஸ் வாங்குவது எப்படி? சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஐஸ் ஹாக்கி ஆட ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். பாவர், சிசிஎம், ட்ரூ என்று கடையில் கண்ணில் படும் எதுவும் மட்டமான சரக்கு இல்லை. உங்கள் கால் என்ன வடிவம், அந்த வடிவத்துக்கு எந்த பூட் சரியாக உட்காருகிறது, வாங்கிய பிறகு இந்த ஊர் ஈரத்திலிருந்து அதை எப்படிக் காப்பது, இவற்றைப் பொறுத்துத்தான் போட்ட காசு நிற்பதும் கரைவதும்.

இங்கே பனியில் கால் வைக்கக் கிடைக்கும் நேரமே கொஞ்சம். ஜூரோங் ஈஸ்ட் ஜேகியூப்பில் 2012இல் திறந்த ஒலிம்பிக் அளவுத் தளம், 2023 ஆகஸ்டில் கடைத்தொகுதியோடு சேர்ந்து மூடப்பட்டது. வார இறுதியில் பாலம் தாண்டி ஜொகூர் பாரு பேரடைம் மால் தளத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். குடிநுழைவுச் சோதனைச்சாவடியில் அத்தனை நேரம் நின்று போய், கால் வலிக்கிறது என்று பத்தே நிமிடத்தில் பெஞ்சில் உட்காருவது கொடுமை.

படி 1: முதலில் வாடகை ஸ்கேட்ஸில் சில தடவை சறுக்குங்கள்

விழாமல் ஒரு சுற்று வரவும், ஓரளவு நிற்கவும் பழகினால் போதும். ஆனால் வாடகை ஸ்கேட்ஸை வைத்து உங்கள் அளவை முடிவு செய்யாதீர்கள். பல பேர் கால் மாறி மாறி நுழைந்த கெட்டி பிளாஸ்டிக் பூட் அது. பிளேடு பெரும்பாலும் மழுங்கியிருக்கும். அதில் கணுக்கால் உள்பக்கம் மடிந்தால் "எனக்குக் கணுக்கால் பலமில்லை" என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் பூட் பெரிதாக இருப்பதுதான் காரணம்.

இன்னொன்று: நடனச் சறுக்கலுக்கான ஸ்கேட்ஸில் பிளேடின் முன்முனையில் பல் பல்லாக இருக்கும். ஹாக்கி ஸ்கேட்ஸில் அது கிடையாது, முன்னும் பின்னும் வளைந்திருக்கும். ஒன்றில் பழகி மற்றதை வாங்காதீர்கள்.

படி 2: வீட்டிலேயே காலை அளந்துகொள்ளுங்கள்

ஒரு ஏ4 தாளைச் சுவரை ஒட்டித் தரையில் வையுங்கள். குதிகால் சுவரைத் தொடும்படி முழு எடையையும் போட்டு நில்லுங்கள். மிக நீண்ட விரல் முடியும் இடத்தில் கோடு போட்டு, சுவரிலிருந்து அதுவரை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் நீளமாக இருப்பது சகஜம், பெரிய காலையே கணக்கில் எடுங்கள்.

அடுத்தது அகலம். விரல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு அளவு, குதிகாலில் ஒரு அளவு. வருடம் முழுக்கச் செருப்பிலேயே திரியும் கால்களில் நான் அடிக்கடி பார்ப்பது முன்பக்கம் விரிந்து, குதிகால் ஒடுங்கிய வடிவம். இந்தக் காலுக்கு ஸ்கேட்ஸ் தேடுவதுதான் கஷ்டம். முன்பக்கத்துக்கு இடம் கொடுக்கும் பூட்டில் குதிகால் ஆடும், குதிகாலைப் பிடிக்கும் பூட் முன்பக்கத்தை நெரிக்கும். இப்படிப்பட்ட கால் என்றால் கடையில் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

பாதம் தட்டையா என்று பார்க்க, குளியலறையிலிருந்து ஈரக்காலோடு வந்து காய்ந்த டைல்ஸில் ஒரு அடி வையுங்கள். நடுப்பகுதி முழுக்கப் பதிந்தால் தட்டைப் பாதம். நடுவில் ஒரு கீற்று மட்டும் பதிந்தால் வளைவு உயரம், அநேகமாகப் புறங்காலும் உயர்ந்திருக்கும். அப்படியானால் பூட் ஆழமாக இருக்க வேண்டும்.

படி 3: நம்பரைக் குறையுங்கள்

ஹாக்கி ஸ்கேட்ஸ் நம்பர் பொதுவாக அமெரிக்கக் காலணி நம்பரைவிட 1 முதல் 1.5 வரை குறைவாக வரும். இங்கே நாம் வாங்கும் காலணி பலவற்றில் யூகே நம்பர்தான் இருக்கும். ஆண்கள் காலணியில் யூகே 8 என்பது ஏறத்தாழ அமெரிக்க 9. ஆக, யூகே 8 போடுபவர் ஸ்கேட்ஸில் 7.5 அல்லது 8இல் தொடங்கலாம். சுருக்கமாக, உங்கள் யூகே நம்பரையோ அதற்கு அரை நம்பர் குறைவையோ முதலில் கேளுங்கள். பெண்களும் யூகே நம்பரிலிருந்து கணக்குப் போடுவதே எளிது, அமெரிக்கப் பெண்கள் நம்பர் வரிசை தனி.

இது தொடக்கம் மட்டும்தான். கால் உள்ளே போன பிறகு நம்பரை மறந்துவிடுங்கள்.

படி 4: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

பாவர் நிறுவனம் தன் ஸ்கேட்ஸை ஃபிட் 1, ஃபிட் 2, ஃபிட் 3 என்று பிரிக்கிறது. 1 ஒல்லியான, புறங்கால் தாழ்ந்த காலுக்கு, 2 நடுத்தரம், 3 அகலமான, உயர்ந்த புறங்காலுக்கு. சிசிஎம்மில் இதையே டேப்பர்ட், ரெகுலர், வைடு என்பார்கள். பழைய மாடல்களில் டி என்றால் சாதாரண அகலம், இஇ என்றால் கூடுதல் அகலம். நீளம் சரியாக இருந்து பக்கவாட்டில் நெரித்தால் நம்பரை ஏற்றாதீர்கள், அகலத்தை மாற்றிக் கேளுங்கள். நம்பரை ஏற்றினால் குதிகால் ஆடத் தொடங்கிவிடும்.

படி 5: கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

அவசரப்படாமல் போங்கள். மெல்லிய சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். தடிமனான சாக்ஸ் போட்டால் அளவு பொய் சொல்லும். வெயிலில் நடந்து போய் உடனே காலை நுழைக்காமல், குளிரூட்டியில் கொஞ்சம் உட்கார்ந்த பிறகு போட்டுப் பார்ப்பது என் வழக்கம். பனித்தளத்தில் கால் குளிர்ந்துதான் இருக்கப்போகிறது.

முதலில் லேஸ் கட்டாமல் காலை உள்ளே விட்டு, விரல்கள் முன்னால் முட்டும்வரை நகர்த்துங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரலை நுழைத்துப் பாருங்கள். ஒரு விரல் இறுக்கமாகப் போனால் சரி, தாராளமாகப் போய் இன்னும் இடம் இருந்தால் பெரிது.

அப்புறம் பென்சில் சோதனை. குதிகாலைப் பின்னால் தள்ளி உட்காரவைத்து, பூட்டின் நாக்கை முன்னால் இழுத்துவிடுங்கள். மேலிருந்து மூன்றாவது லேஸ் துளை உயரத்தில் பென்சிலைக் குறுக்கே வையுங்கள். அது இரண்டு பக்க விளிம்பிலும் படிந்தால் ஆழம் போதும். புறங்காலில் முட்டித் தூக்கிக்கொண்டு நின்றால் பூட் ஆழமில்லை. லேஸ் இறுக்கும்போது புறங்கால் நரம்பை அழுத்தி நாளடைவில் வலி கொடுக்கும். இந்தச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நான் விடமாட்டேன்.

இப்போது லேஸ். கட்டும் முன் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள் (பிளேடு உறையோ ரப்பர் பாயோ இருக்கட்டும்). விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாகவும், கணுக்கால் வளைவில் நன்றாக இறுக்கியும், மேலே மறுபடி சற்றுத் தளர்த்தியும் கட்டுங்கள். எழுந்து நேராக நின்றால் விரல் நுனி முன்னால் லேசாக உரச வேண்டும். முட்டியை மடக்கி ஹாக்கி ஆடுபவர் போல் குனிந்தால் அந்த உரசல் விலக வேண்டும். குனிந்தும் விரல் மடங்கியே இருந்தால் சிறிது. நேராக நிற்கும்போதே எங்கும் தொடவில்லை என்றால் பெரிது.

லேஸ் துளை வரிசைகளையும் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ இணையாக, நடுவில் ஒன்றரை முதல் இரண்டு அங்குல இடைவெளியோடு இருப்பது நல்லது. கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டால் அந்தக் காலுக்கு அந்த பூட்டில் இடம் அதிகம்.

கட்டியபடியே இருபது நிமிடமாவது கடையில் உட்காருங்கள், எழுந்து நில்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. சுற்றிலும் ஒரே சீரான அழுத்தம் இருந்தால் நல்ல அறிகுறி. ஒரே இடத்தில், குறிப்பாகக் கணுக்கால் மொளியிலோ சுண்டுவிரல் ஓரத்திலோ சுள்ளென்று குத்தினால் சொல்லுங்கள். அந்த இடத்தை மட்டும் வெளியே தள்ளிக் கொடுக்கும் கருவி நல்ல கடைகளில் உண்டு. விரல்கள் மரத்துப்போனால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 6: சூடு வைத்துக் காலுக்குப் படியவைப்பது

இன்றைய ஸ்கேட்ஸில் பெரும்பாலானவற்றைக் கடையில் அதற்கென்று உள்ள அடுப்பில் சில நிமிடம் சூடாக்கி, காலில் போட்டு ஆறவிடுவார்கள். பூட் உங்கள் காலின் மேடுபள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போது லேஸைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள், துளை வளையம் பிய்ந்து வரும். மேல்நோக்கி இழுங்கள். ஆறும்வரை நடக்காமல் உட்கார்ந்திருங்கள். அன்றைக்கே பனியில் இறங்காமல் ஒரு நாள் விடுங்கள்.

சூடு வைத்தால் சின்னச் சின்ன உறுத்தல் போகும். நீளம் கூடாது. "சூடு வச்சா சரியாயிடும்" என்று யாராவது சிறிய நம்பரைத் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். வீட்டு அவனில் வைப்பதும் வேண்டாம், வெப்பம் கூடினால் பசை இளகிவிடும்.

படி 7: எந்த விலையில் வாங்குவது?

ஒவ்வொரு வரிசையிலும் அடிமட்டம், நடுத்தரம், உச்சம் என்று மாடல்கள் உண்டு. அடிமட்ட பூட் சீக்கிரம் துவண்டுவிடும், கணுக்காலில் மடிப்பு விழும். உச்ச மாடல் எடை குறைவு, ஆனால் மிகவும் விறைப்பு. வேகமாக ஆடும் பெரியவர்களுக்காகச் செய்தது அது. புதிதாகக் கற்பவரால் அதை வளைக்கவே முடியாது. விலை அதிகம் என்பதால் நீடித்து உழைக்கும் என்றும் இல்லை. என் கணிப்பில் தொடக்கக்காரருக்கு நடுத்தர மாடல்தான் ஏற்றது. பிளேடைத் தனியாகக் கழற்றி மாற்றும் வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சாணை பிடிக்கப் பிடிக்கத் தேய்வது பிளேடுதான். பூட் நன்றாக இருக்கும்போது பிளேடை மட்டும் மாற்ற முடிந்தால் பல வருடம் ஓட்டலாம்.

குழந்தைகளுக்கு "வளருமே" என்று இரண்டு நம்பர் கூட்டி வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். பள்ளிச் சீருடைக்குச் சரி. ஸ்கேட்ஸில் அரை நம்பருக்கு மேல் கூட்டினால் பிள்ளை கணுக்காலை மடித்து மடித்தே கற்றுக்கொள்ளும்.

படி 8: சாணை

புது ஸ்கேட்ஸ் பலவும் சாணை பிடிக்காமலேயே பெட்டியில் வரும். அப்படியே பனியில் இறங்கினால் வழுக்கிக்கொண்டே போவீர்கள். பிளேடின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் எடுப்பார்கள், அதன் இரு கரையும்தான் பனியைப் பிடிக்கும் கூர். அந்தப் பள்ளத்தின் ஆரம் அங்குலத்தில் சொல்லப்படும். எண் சிறியதானால் பள்ளம் ஆழம், பிடி அதிகம். எண் பெரியதானால் பிடி குறைந்து ஓட்டம் கூடும். பெரியவர்கள் அரை அங்குலத்தில் தொடங்கலாம். நிற்க முயலும்போது பிளேடு பனியில் மாட்டிக்கொள்வது போலிருந்தால் அடுத்த முறை 5/8 கேளுங்கள். நகத்தைக் கூரின் மேல் குறுக்கே மெல்ல இழுத்தால் வெள்ளையாகச் சுரண்டி வரவேண்டும். வராவிட்டால் மறுபடி சாணைக்கு நேரமாயிற்று.

படி 9: ஈரம் என்னும் எதிரி

சறுக்கி முடித்து, பிளேடைத் துணியால் பளபளவென்று துடைத்து, பையில் போட்டு, எம்ஆர்டி ஏறுகிறீர்கள். மூன்றாவது ஸ்டேஷனில் பையைத் திறந்து பிளேடைத் தொட்டால் மறுபடி நனைந்திருக்கும். கோப்பிக் கடையில் தே ஐஸ் கிளாஸ் வெளியே வேர்ப்பது போலத்தான். எஃகு இன்னும் குளிர்ந்திருக்கிறது, நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம் அதில் வந்து படிகிறது. அதனால் தளத்தில் ஒருமுறை, எஃகு வெதுவெதுப்பான பிறகு இன்னொருமுறை என்று இரண்டு தடவை துடைக்க வேண்டும். பிளேடைத் தாங்கும் பிளாஸ்டிக்கின் இடுக்கிலும் துணி போகட்டும். துரு அங்கேதான் தொடங்கும்.

உறையில் இரண்டு வகை. கெட்டி பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு, துணி உறை பையில் வைப்பதற்கு. கெட்டி உறையை மாட்டியே வீட்டில் வைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி ஒரு வாரத்தில் செந்நிறப் புள்ளி தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் உள் அட்டையை வெளியே எடுங்கள். லேஸை அடிவரை தளர்த்தி, நாக்கை முன்னால் மடக்கி, மின்விசிறிக்கு எதிரே வையுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் காலணி அலமாரி. தாழ்வாரத்து வெயிலிலும் கார் டிக்கியிலும் போட்டு வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் பசை விட்டுப்போகும்.

பழையது வாங்கினால்

கரோசெல் போன்ற இணையச் சந்தைகளில் நல்ல ஜோடிகள் கிடைக்கும். வளரும் பிள்ளைக்கு அதுவே புத்திசாலித்தனம். பிளேடின் பக்கவாட்டில் மேலோட்டமாகத் துரு இருந்தால் பயமில்லை. கூரின் மேலேயே குழி குழியாக நகத்தில் தட்டுப்பட்டால் வேண்டாம். எஃகு எவ்வளவு உயரம் மிச்சமிருக்கிறது என்று அதே மாடலின் புதுப் படத்தோடு ஒப்பிடுங்கள். கணுக்கால் பகுதியை இரண்டு பக்கமும் கையால் அமுக்குங்கள், அட்டை போல் மடங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. கடைசியாகக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் பிளேடு தாங்கியை பூட்டோடு பிணைக்கும் ரிவெட்டு ஆணிகளைப் பாருங்கள். ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். பிளாஸ்டிக் தாங்கியில் விரிசல் இருந்தால் அதை மாற்ற ஆகும் செலவைக் கேட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.