பிள்ளைங்க வெளாட கிரவுண்டு வேணுமா? மனு இப்படி எழுதுங்க

எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல ரோட்டுக்கு ஒரு பக்கம் ரப்பர் வெளை (தோட்டம்), மறுபக்கம் காம்பவுண்டு சுவரு, நடுவுல டாரஸ் லாரி. பெறவு "போன வைலே, வெளிய போய் வெளாடுலே"ன்னா பிள்ள எங்க போவான்? இடத்த பஞ்சாயத்துலதான் கேட்டு வாங்கணும்.

மொதல்ல சர்வே நம்பர், இதுதான் உயிரு. நாங்க ஒரு தடவ "ஊருக்கு கிரவுண்டு வேணும்"னு மொட்டையா எழுதி குடுத்தோம், "நிலம் இல்லை"ன்னு ஒத்த வரியில பதில் வந்துது. சும்மா கெடக்குற இடத்தோட நம்பர கண்டுபிடிச்சு, அரசாங்க நில ஆவண சைட்டுல அ-பதிவேடு (எந்த நம்பரு என்ன வகை நிலம்னு சொல்ற பதிவேடு) எடுத்து பாத்துக்கிடுங்க, வெறும் புறம்போக்குன்னா கேக்கலாம், குளம் வாய்க்கால்னு இருந்தா விட்டுருங்க, தண்ணியே இல்லாம காடு மண்டி கெடந்தாலும் அது நீர்நிலைதான், குடுக்க மாட்டாங்க. பெரிய பிளாட் லேஅவுட்டுன்னா, 10,000 சதுர மீட்டருக்கு மேல போனா ரோட்ட கழிச்சுட்டு மிச்சத்துல 10 சதவீதம் பொது இடமா விட்டே ஆகணும், லேஅவுட் வரைபடத்துல பாருங்க, அதுல இப்ப யாராவது வாழக்கன்னு நட்டிருப்பாங்க.

மனுவ குடுக்க வேண்டிய எடம் கிராம சபை, அது நடக்குற நாளு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மனுவ குடுத்துட்டு டீ குடிக்க போயிராதீங்க, தீர்மானமா நோட்டுல ஏறுற வரைக்கும் நிக்கணும். நம்ம மாவட்டத்துல நெறய ஊரு பேரூராட்சி, அங்க கிராம சபை கெடையாது, கவுன்சிலர்ட்ட குடுங்க, இல்லன்னா திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க, அங்க குடுங்க.

இன்னொரு கத பி.டி. பீரியடு, அத கணக்கு சார் எடுத்துக்கிடுவாரு. பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்காவாசி பெத்தவங்கதான், அங்க கேளுங்க, சாயங்காலம் ஸ்கூல் கிரவுண்ட தொறந்து விடவும் அங்கயே கேளுங்க. "படிப்பு கெட்டுரும்"னா தைவான சொல்லுங்க, கண்ணு கெடக்கூடாதுன்னு 2010ல தினமும் 120 நிமிஷம் பிள்ளைங்கள வெளிய விட ஸ்கூல்ல திட்டம் கொண்டுவந்தாங்க, பார்வை கொறையுற பிள்ளைங்களோட எண்ணிக்க கொஞ்ச வருசத்துலயே எறங்க ஆரம்பிச்சுது.

மனுவுல தண்ணி வடிய ஓடையும் ஒரு ஷெட்டும் சேத்து எழுதுங்க, நமக்கு ஆடியிலயும் மழ ஐப்பசியிலயும் மழ. லைட்டும் கக்கூஸும் விட்டுராதீங்க, அது இல்லன்னா பொம்பளப் பிள்ளைங்கள யாரும் அனுப்ப மாட்டாங்க. மனுவோட நகல்ல சீல் போட்டு வாங்கிட்டு வாங்க.