பேட் ஒன்றை வெட்டிப் பார்த்து வாங்குவது எப்படி

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு ஃபார்மசியில் நிற்கிறேன். மாதவிடாய்க்குப் பாவிக்கும் பேட் வாங்க வரும் அக்காமாரில் பாதிப் பேர் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல காட்டன் எது தங்கச்சி?" பெக்கட்டின் மேல் பஞ்சுப் பூ படம் இருக்கும், 'காட்டன் போல மென்மை' என்று எழுதியிருக்கும். அந்த 'போல'வைத்தான் யாரும் கவனிப்பதில்லை. உறையை வாசித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் விளங்காது. ஒரு பேட்டை வெட்டிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிடும்.

ஒரு பேட் வீணாகுமே என்று யோசிப்பீர்கள், நியாயம்தான். 2018 வரை வெளிநாட்டு பேட்டுக்கு எல்லா வரியும் சேர்த்து நூறு வீதத்துக்கு மேல் வாங்கிய நாடு இது, இப்போதும் மலிவில்லை. அதனால் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஆளுக்கொரு பிராண்டில் ஒன்று கொண்டுவந்து ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். கத்தரிக்கோல், பழைய மாஸ்க் ஒன்று, டிஷ்யூ, ஒரு கிலோ சீனி பெக்கட், கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் போதும். விளம்பரத்தில் நீலத் தண்ணீர் ஊற்றுகிறார்களே, அதை நம்ப வேண்டாம். ரத்தம் தண்ணீரைவிடத் தடிப்பு, உப்பும் இருக்கிறது. நீர்த்த கஞ்சி ஒரு கோப்பைக்கு கால் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட உப்புப் போட்டு, பீட்ரூட் சாற்றில் நிறம் ஏற்றினால் அது ஓரளவு கிட்ட வரும்.

முதலில் மேல் தாள், உடம்பில் படுகிற பக்கம். அதை உரித்து யன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். வரிசை வரிசையாக ஓட்டை தெரிந்தால் அது பிளாஸ்டிக் ஃபிலிம், ஒவ்வொரு ஓட்டையும் புனல் மாதிரி கீழ்நோக்கிக் குழிந்திருப்பதால் ஈரம் இறங்கும், லேசில் மேலே ஏறாது. ஓட்டை இல்லாமல், சிலந்தி வலையை அமத்தியது போல நூல்கள் தாறுமாறாகக் கிடந்து, இடையிடையே சின்னச் சின்னப் புள்ளியாக ஒட்டியிருந்தால் அதுதான் நொன்வோவன். தறியில் நெய்ததும் இல்லை, பின்னியதும் இல்லை. பொலிப்ரொப்பிலினை உருக்கி, இடியப்ப உரலில் பிழிவது போல மெல்லிய நூலாக இழுத்துப் பரப்பி, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு ஒட்டவைக்கிறார்கள். அந்தப் புள்ளிகள் உருளையின் அச்சு.

இப்போது மாஸ்க்கை எடுங்கள். அதன் வெளிப்பக்கமும் பெரும்பாலும் இதே பொலிப்ரொப்பிலின்தான், ஆனால் ஒரு சொட்டு விட்டால் சேம்பிலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். பேட்டில் விட்டால் உள்ளே போய்விடும். இந்தப் பிளாஸ்டிக்கின் சுபாவமே தண்ணீரைத் தள்ளுவது, பேட்டுக்கென்று அதன் மேல் சவர்க்காரம் போல வேலை செய்யும் ஒரு பூச்சு பூசுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பூச்சு கழுவுப்பட்டுப் போகக்கூடியது. அதனால் ஒரு முறை ஊற்றிவிட்டு 'நல்லா உறிஞ்சுது' என்று முடிவெடுக்காதீர்கள். ஒரே இடத்தில் ஒரு தேக்கரண்டி கஞ்சி, மூன்று நிமிடம் கழித்து இன்னொன்று, பிறகு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் உள்ளே போக எத்தனை எண்ணுகிறீர்கள் என்று பாருங்கள். முதலாவதுக்கு நான்கு எண்ணி, மூன்றாவதுக்கு இருபது எண்ணவேண்டி வந்தால், காலையில் கட்டிக்கொண்டு மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர்களுக்கு அது சரிவராது.

அப்புறம் டிஷ்யூவை நாலாக மடித்து ஈரமான இடத்தில் வைத்து, மேலே சீனி பெக்கட்டை ஒரு நிமிடம் வையுங்கள். டிஷ்யூவில் எவ்வளவு சிவப்பு ஏறுகிறதோ அவ்வளவு ஈரம் உடம்புக்குத் திரும்பி வரும். என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனை போதும், மற்றதெல்லாம் ஆர்வத்துக்குத்தான். விலை கூடின பேட் இதில் தோற்றதையும் மலிவானது வென்றதையும் பார்த்திருக்கிறேன்.

காட்டன் கேள்விக்கு வருவோம். மேல் தாளில் நகத்தளவு வெட்டி, சவர்க்காரத் தண்ணீரில் நன்றாகக் கசக்கிக் குமிழியெல்லாம் போனபிறகு விட்டுப் பாருங்கள். மிதந்தால் பொலிப்ரொப்பிலின் அல்லது பொலித்தீன், இரண்டும் தண்ணீரைவிட இலேசு. தாழ்ந்தால் உடனே காட்டன் என்று சந்தோசப்பட வேண்டாம், பொலியெஸ்டரும் தாழும். தாழ்ந்த துண்டைக் காயவைத்து, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேல் கொளுத்துங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சுருண்டு உருகிக் கட்டியானால் பிளாஸ்டிக். கடதாசி எரிந்த வாசத்தோடு பொடிச் சாம்பலானால் பஞ்சு அல்லது ரேயான். இவ்வளவும் சொன்னாலும் காட்டன்தான் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். காட்டன் ஈரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் தாள் கீழே அனுப்பிவிட்டுக் காய்ந்திருக்கும். தோல் அரிப்பெடுப்பவர்களுக்குக் காட்டன் மேல் தாள் ஒத்துப்போகலாம், மணம் போட்டதை மட்டும் தவிருங்கள்.

நடுப்பகுதி பெரும்பாலும் பைன் போன்ற மரத்தில் எடுத்த பஞ்சுக்கூழ். பிய்த்து ஒரு பையில் போட்டுக் குலுக்கினால் சீனி போல மணிகள் அடியில் விழும், அதுதான் ஜெல் தூள். வெறும் தண்ணீரில் தன் எடையைப்போல் நூறு மடங்குக்கு மேல் குடித்து ஊதும், உப்புத் தண்ணீர் என்றால் பலமடங்கு குறைந்துவிடும். ஊதிய ஜெல்லில் ஒரு கரண்டி உப்புப் போட்டுப் பாருங்கள், கண்முன்னே இளகித் தண்ணீராகும். நீலத் தண்ணீர் விளம்பரத்தின் சூட்சுமம் இப்போது விளங்கியிருக்கும்.

அடித்தாள் முழுக்க ஃபிலிம். பளபளத்துச் சரசரவென்றால் சாதாரணப் பொலித்தீன். மங்கலான வெள்ளையாக, துணி போல இருந்தால் காற்றுப் போகிற வகையாக இருக்கலாம். சுண்ணாம்புக்கல் தூளைப் பிளாஸ்டிக்கில் கலந்து இழுக்கும்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத துவாரம் விழுகிறது, ஆவி போகும், சொட்டு போகாது. பசையில்லாத இடத்தில் ஒரு துண்டு வெட்டி, சுடுதண்ணீர் டம்ளர் வாயில் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு குளிர்ந்த எவர்சில்வர் மூடியைப் பிடியுங்கள். மூடியில் பனி படர்ந்தால் உண்மை. நம்மூர்க் குளிருக்கு உடனே தெரியும்.

ஆனால் ஒன்று. ஆவி வெளியே போகவேண்டுமென்றால் வெளியே காய்ந்திருக்க வேண்டும். ஜூலை மழையில் சாரிக்கு மேல் சாக்கு, சாக்குக்கு மேல் படங்கு என்று இடுப்பில் இறுக்கிக் கட்டிக் கொழுந்தெடுக்கிற அக்காவுக்கு அந்தத் துவாரங்களால் என்ன பிரயோசனம்? எந்த ஆவியும் எங்கேயும் போகாது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசில் இன்னும் இரண்டு பேட் வாங்கி, பகல் கொழுந்து நிறுக்க வரும்போது ஒரு முறை மாற்றுங்கள், நான்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றை வைத்திருக்கவே கூடாது. மலையில் மாற்ற இடம் எங்கே என்று கேட்பீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, தோட்டத்து நிர்வாகத்திடம்தான் கேட்கவேண்டும்.

பசையும் ஒரு பிரச்சினை. நாள் முழுக்க மூடுபனியாக இருந்தால் உள்ளாடை காயாது, ஈரத்துணியில் இந்தப் பசை பிடிக்காது, குளிரில் பசையே விறைத்துப் போகும். நான் பள்ளிக்கூடம் போன நாளில் பேட்டின் பக்கச் சிறகு கழன்று சுருண்டு, வெள்ளைக் கவுணோடு மதியம் வரை கதிரையை விட்டு எழும்பாமல் இருந்திருக்கிறேன். உள்ளாடையை இஸ்திரி போட்டுக் காயவைத்து, பேட்டை ஒட்டிய பிறகு உள்ளங்கையால் பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடியுங்கள், சூட்டில் பசை இளகிப் பிடித்துக்கொள்ளும். பிரித்த பெக்கட்டை பிஸ்கட் டின்னில் மூடி வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம்.

குழந்தைக்குப் போடுகிற பெம்பர்ஸும் இதே கதைதான், தொடைப் பக்கம் நிற்கும் மடிப்பு மட்டும் தண்ணீரைத் தள்ளுகிற நொன்வோவன். கட்டியதும் விரலைவிட்டு அந்த மடிப்பை வெளியே இழுத்துவிடுங்கள், உள்ளே மடிந்து கிடந்தால் ஒழுகத்தான் செய்யும்.

பாவித்ததை அடுப்பில் போடாதீர்கள், அதில் நிறையப் பிளாஸ்டிக், அந்தப் புகை லயத்துக்குள்ளேயே நிற்கும். கக்கூசிலும் போடாதீர்கள், ஜெல் ஊதிக் குழாய் அடைக்கும். கானில், அதாவது சாக்கடையில், எறிந்தால் எங்கள் பக்கத்துத் தண்ணீரில் நிறைய கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா வழியாகக் களனி கங்கைக்குப் போகிறது, கொழும்பு குடிக்கிற தண்ணீர் அது. சுருட்டி, அடுத்த பேட்டின் உறையிலேயே சுற்றி, மூடி போட்ட வாளியில் சேர்த்து, குப்பை எடுக்க வருகிற நாளில் கொடுங்கள். குப்பை வண்டியே வராத தோட்டம் என்றால் ஓடைக்கும் பீலிக்கும் தூரமாக, நாய் தோண்டாத ஆழத்தில் புதைப்பதைத் தவிர இப்போதைக்கு வழியில்லை.