வார்டும் ஆய்வும்: ரத்தநாள அறுவை சிகிச்சைப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் முதல் ஆய்வுக்காகப் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கால் தமனி திடீரென அடைத்துக்கொண்டு வந்த நோயாளிகளைப் பற்றிய ஆய்வு அது. வலி தொடங்கியதிலிருந்து தியேட்டருக்குள் போகும்வரை எத்தனை மணி நேரம் ஆனது, அந்தத் தாமதம் காலைக் காப்பாற்றுவதை எப்படிப் பாதித்தது என்பதுதான் கேள்வி. ஷீட்டைத் திறந்தால், வலி தொடங்கிய நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ‘நேற்று முதல்’ என்று இருந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை. விரல்களில் உணர்ச்சி இருந்ததா, அசைக்க முடிந்ததா? ‘கால் குளிர்ந்துள்ளது, நாடி இல்லை’, அவ்வளவுதான். யார் இப்படி எழுதித் தொலைத்தது என்று எரிச்சலோடு கீழே பார்த்தால், பாதிக்கு மேல் என் கையெழுத்து.

டியூட்டி ஒரு வேலை, ஆய்வு இன்னொரு வேலை என்று அதுவரை பிரித்து வைத்திருந்தேன். இரவு இரண்டு மணிக்கு நான் எழுதிய, எழுதாமல் விட்ட குறிப்புதான் பின்னாளில் தரவாகும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. பயிற்சிக் காலத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவினையிலிருந்து வருகின்றன. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். அங்கே போய் நாம் பிரிப்பதில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

‘நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்’

கிடைக்காது. வெடித்த மகாதமனி வீக்கமும், குளிர்ந்துபோன காலும், ரத்தம் பீச்சும் டயாலிசிஸ் ஃபிஸ்டுலாவும் (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) நாள் குறித்துவிட்டு வருவதில்லை. இந்தத் துறையில் காலியான மாலை என்று நாட்காட்டியில் தெரிவது பெரும்பாலும் இன்னும் வராத ஒரு எமர்ஜென்சி.

கிடைப்பது இருபது நிமிடத் துண்டுகள்தான். ஒரு கேஸ் முடிந்து அடுத்த நோயாளியை மயக்க மருந்துக்குத் தயார்படுத்தும் இடைவெளி, ஸ்கேன் அறிக்கைக்காகக் காத்திருக்கும் நேரம். இவற்றில் செய்யக்கூடிய வேலைகளை முன்கூட்டியே நறுக்கி வையுங்கள்: மூன்று நோயாளிகளின் தரவைப் பதிவது, ஒரு கட்டுரையின் சுருக்கத்தைப் படிப்பது, நெறிமுறைக் குழு கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் எழுதுவது. ஆனால் கட்டுரை எழுதுவதை இப்படி நறுக்க முடியாது. எடுத்த இழை அறுந்துவிடும். அதற்கு வாரத்தில் அரை நாளாவது முழுதாக வேண்டும். அது உங்கள் மனதில் மட்டும் இருந்தால் போதாது, டியூட்டி பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் பேஜரைத் தாங்கும் சக பயிற்சியாளருக்கு அவருடைய அரை நாளை நீங்கள் தாங்கிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் வார்டிலிருந்து மறைந்து நூலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆய்வு முடியும், நட்பு முடிந்துவிடும்.

இரவு டியூட்டி முடிந்த காலையில் தரவு உள்ளிடுவதும் வேண்டாம். அப்படி ஒருநாள் செய்து இடது காலையும் வலது காலையும் ஒரு நெடுவரிசை முழுக்க மாற்றிப் போட்டேன். கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது.

எண்ணிப் பார்க்காமல் தலைப்பு எடுப்பது

‘நம்மிடம் நிறைய கேஸ் வருகிறது’ என்று சீனியர் சொல்வார். பொய் சொல்கிறார் என்றில்லை, கஷ்டமான கேஸ்கள் எண்ணிக்கையைவிட அதிகமாக நினைவில் நிற்கும். தலைப்பை உறுதி செய்யும் முன் தியேட்டர் பதிவேட்டை எடுத்துக் கடந்த ஒரு வருடத்தில் உண்மையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வந்த எண்ணைப் பாதியாக்குங்கள். சிலர் சம்மதிக்க மாட்டார்கள், சிலருடைய ஆவணம் முழுமையாக இருக்காது, சிலர் திரும்பி வரவே மாட்டார்கள்.

அப்புறம், நோயாளிகளின் எண்ணிக்கையைவிட நிகழ்வுகளின் எண்ணிக்கைதான் முக்கியம். அறுபது கரோட்டிட் (கழுத்துத் தமனி) அறுவை சிகிச்சைகளில் இரண்டு பேருக்குப் பக்கவாதம் வந்திருந்தால், ‘பக்கவாதத்துக்கான ஆபத்துக் காரணிகள்’ என்ற தலைப்பு அங்கேயே படுத்துவிட்டது. ஒரு காரணியைச் சோதிக்கக் குறைந்தது பத்து நிகழ்வுகளாவது வேண்டும் என்பது பழைய தோராயக் கணக்கு. அதை அப்படியே வேதவாக்காக எடுக்க வேண்டாம், ஆனால் இரண்டை வைத்துக்கொண்டு எட்டுக் காரணிகளைத் தேடாமல் இருக்க உதவும்.

கேள்வி சின்னதாக இருப்பதில் வெட்கம் வேண்டாம். தமனிக்குள் விட்டு ரத்தக்கட்டியை இழுத்தெடுக்க தாமஸ் ஃபோகார்ட்டி 1963-இல் வெளியிட்ட பலூன் கதீட்டரை இன்றும் கையில் எடுக்கிறோம். சிறுநீர்க்குழாய்க் கதீட்டரின் முனையில் கையுறை விரலை வெட்டிக் கட்டிப் பார்த்தபோது அவர் இன்னும் மருத்துவ மாணவர். தியேட்டர் உதவியாளராக வேலை பார்த்தபோது ரத்தக்கட்டியை எடுக்கக் காலை நீளமாகத் திறப்பதைக் கண்ணால் பார்த்திருந்தார். கேள்வி அங்கிருந்து வந்தது.

என்ன அளக்கிறோம் என்று முடிவு செய்யாமல் அளப்பது

இதில்தான் அதிக ஆய்வுகள் வீணாகின்றன. நம் துறையில் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு பொறி இருக்கிறது.

கணுக்கால்-கை அழுத்த விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் அது; 1-க்கு அருகே இருந்தால் நலம், நன்றாகக் குறைந்தால் அடைப்பு. நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்குத் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து, பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் நாளம் அமுங்காது. விகிதம் 1.4-க்கு மேல் போகும். ரவுண்ட்ஸில் இதைப் பார்த்தால் ‘நம்ப முடியாது, கால்விரல் அழுத்தம் எடு’ என்று நாமே சொல்வோம். அதே நாம் எக்செல்லில் உட்காரும்போது அந்த 1.6-ஐ அப்படியே போட்டுச் சராசரி எடுக்கிறோம். 0.4 உள்ள ஒரு காலும் 1.6 உள்ள இன்னொரு காலும் சேர்ந்தால் சராசரி 1.0. இரண்டுமே ஆபத்தில் உள்ள கால்கள், அட்டவணையில் ஆரோக்கியமான கால்.

மகாதமனி வீக்கத்தின் விட்டமும் இப்படித்தான். அல்ட்ராசவுண்டில் உட்சுவரிலிருந்து உட்சுவருக்கு அளந்தால் ஒரு எண், வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு அளந்தால் சில மில்லிமீட்டர் கூடுதல். அறுவை சிகிச்சைக்கான எல்லை ஆண்களுக்கு 5.5 செ.மீ. என்று பேசும் இடத்தில் அந்தச் சில மில்லிமீட்டர் சின்ன விஷயம் இல்லை. எப்படி அளந்தார்கள் என்று அறிக்கையில் எழுதியிருக்காவிட்டால், எழுதச் சொல்லி முதல் நோயாளியிலேயே ஏற்பாடு செய்யுங்கள்.

பைபாஸ், அதாவது அடைப்பைச் சுற்றிப் போடும் மாற்று நாளம், ‘திறந்திருக்கிறது’ என்றால் என்ன அர்த்தம்? இடையில் எதுவும் செய்யாமலேயே திறந்திருக்கிறதா, அடைக்கும் முன் ஒரு பலூன் போட்டதால் தப்பித்ததா, முழுக்க அடைத்த பிறகு திறந்துவிட்டோமா? மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு, தனித்தனி வளைகோடு உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கிராஃப்ட் நன்றாக உள்ளது’ என்று எழுதினால் மூன்றும் கலந்துவிடும்.

பெரிய சோதனைகளுக்கே இது தலைவலி. காலைக் காப்பாற்ற முதலில் பைபாஸா, எண்டோவாஸ்குலர் சிகிச்சையா (நாளத்துக்குள்ளேயே பலூன், ஸ்டென்ட் வைத்துச் செய்வது) என்ற கேள்வியை 2022-இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ சோதனை 1,830 நோயாளிகளிடம் கேட்டது. நல்ல சிரை உள்ளவர்களுக்குப் பைபாஸ் மேல் என்றது. 2023-இல் வெளியான பேசில்-2 சோதனை, முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகளில் சிகிச்சை தேவைப்பட்ட 345 பேரிடம் கேட்டு, எண்டோவாஸ்குலர் மேல் என்றது. நோயாளிகளும் வேறு, அளவுகோலும் வேறு. முன்னதில் பெரிய மறுசிகிச்சையும் ஒரு தோல்வியாக எண்ணப்பட்டது. பின்னதில் கால் அகற்றப்படாமல் உயிரோடு இருப்பதுதான் கணக்கு. முடிவுரையை மட்டும் படித்துவிட்டு இரண்டையும் மோதவிடும் பயிற்சியாளர், தன் ஆய்விலும் அளவுகோலைக் கடைசியில்தான் தேடுவார்.

இன்னும் இரண்டு. எண்பது நோயாளிகளின் நூற்றுப் பத்துக் கால்களை நூற்றுப் பத்துத் தனி மனிதர்கள் போலக் கணக்கிடக் கூடாது. ஒருவரின் இரண்டு கால்களும் ஒரே இதயத்தையும் ஒரே சிகரெட்டையும் பகிர்ந்துகொள்கின்றன. அப்புறம், இறந்துபோனவருக்கு இனிக் கால் அகற்றம் நடக்க முடியாது. மரணம் அதிகமுள்ள இந்தக் கூட்டத்தில் இறந்தவர்களை வெறுமனே ‘பின்தொடரல் முடிந்தது’ என்று விட்டுவிட்டு வழக்கமான கப்லான்-மெயர் கோடு (காலப்போக்கில் எத்தனை பேர் நிகழ்வில்லாமல் தப்பினார்கள் என்று காட்டும் வளைகோடு) வரைந்தால், கால் அகற்ற ஆபத்து உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். போட்டி ஆபத்து முறை என்று ஒன்று இதற்காகவே இருக்கிறது. இதைப் புள்ளியியலாளர் ஐந்து நிமிடத்தில் சொல்லித் தருவார், தரவு சேர்க்கும் முன் போனால். முடித்துவிட்டுப் போனால் அனுதாபம்தான் கிடைக்கும்.

அந்த முதல் ஆய்வுக்குப் பிறகு நான் செய்தது ஒன்றுதான்: எமர்ஜென்சி குறிப்பில் ஐந்து வரிகள் கட்டாயம். வலி தொடங்கிய மணி, உணர்ச்சி, அசைவு, டாப்ளர் கருவியில் கேட்கும் ரத்தவோட்ட ஒலி, ரூதர்ஃபோர்டு வகை (கால் எவ்வளவு ஆபத்தில் உள்ளது என்ற தரம்). எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. நாள்பட்ட புண்ணோடு வருபவர்களுக்கு 2014-இல் வந்த விஃபை வகைப்பாட்டின் மூன்று எண்கள்: புண், ரத்தவோட்டக் குறைவு, தொற்று. காலையில் கேஸைக் கையேற்பவருக்கும் இது நல்லது என்பதால் யாரும் முணுமுணுக்கவில்லை.

வராதவர் நலமாக இருக்கிறார் என்று எண்ணுவது

ஆறாவது மாதம் வராத நோயாளி நன்றாக இருப்பதால் வரவில்லை என்று நினைக்க ஆசையாக இருக்கும். அவர் வேறு மருத்துவமனையில் காலை இழந்திருக்கலாம், இறந்திருக்கலாம். டிஸ்சார்ஜ் அன்றே, நோயாளியின் சம்மதத்தோடு, அவருடைய எண்ணோடு உறவினர் ஒருவரின் எண்ணையும் வாங்குங்கள். உயிரோடு இருக்கிறாரா, கால் இருக்கிறதா என்ற இரண்டையும் தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம்.

இதன் விலையைத் துறையே ஒருமுறை கொடுத்தது. பாக்லிடாக்செல் என்ற மருந்து பூசிய பலூன்களும் ஸ்டென்ட்களும் மரணத்தைக் கூட்டுகின்றன என்று 2018 டிசம்பரில் ஒரு தொகுப்பாய்வு சொன்னதும் உலகம் முழுக்கப் பயன்பாடு சரிந்தது. அந்த மூலச் சோதனைகளில் பலரின் பின்தொடரல் விட்டுப்போயிருந்தது. விடுபட்டவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கச் சேர்க்க அந்த வித்தியாசம் மெலிந்தது. 2023 ஜூலையில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், கூடுதல் மரணத்துக்குத் தரவு ஆதரவு இல்லை என்று அறிவித்தது. இடைப்பட்ட நாலரை ஆண்டுகள் நோயாளிகளும் மருத்துவர்களும் குழம்பியதுதான் மிச்சம்.

குறுகிய பின்தொடரலும் ஏமாற்றும். மகாதமனி வீக்கத்துக்கு, நாளத்துக்குள்ளேயே பொருத்தும் ஸ்டென்ட் கிராஃப்டையும் திறந்த அறுவை சிகிச்சையையும் ஒப்பிட்ட இவார்-1 சோதனையில், முப்பது நாள் மரணத்தில் ஸ்டென்ட் கிராஃப்ட் தெளிவாக வென்றது. 2016-இல் பதினைந்து ஆண்டுக் கணக்கு வந்தபோது, எட்டு ஆண்டுகளைத் தாண்டியவர்களில் திறந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம்தான் மரணம் குறைவு. பயிற்சிக் காலத்தில் பதினைந்து ஆண்டு யாராலும் காத்திருக்க முடியாது, சரி. ஆனால் ‘30 நாளில்’ என்று தலைப்பிலேயே எழுதிவிட முடியும்.

ஒரே கையில் கத்தியும் சம்மதப் படிவமும்

பிரித்தே ஆக வேண்டிய இடம் என்று சொன்னது இதுதான். வலியில் துடிப்பவரிடம், இன்னும் ஒரு மணி நேரத்தில் அவர் காலைத் திறக்கப்போகும் நீங்களே ஆய்வுப் படிவத்தை நீட்டினால், அவர் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார். மறுத்தால் சிகிச்சை குறையுமோ என்ற பயம் அவர் கண்ணிலேயே தெரியும். சிகிச்சைக்கான சம்மதத்தை நீங்கள் வாங்குங்கள். ஆய்வுக்கான சம்மதத்தை, முடிந்தவரை, அவருடைய சிகிச்சையில் இல்லாத ஒருவர் வாங்கட்டும். எமர்ஜென்சியில் எப்படிச் செய்வது என்பதை நெறிமுறைக் குழுவிடம் முன்பே எழுதி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும், அந்த இரவில் யோசிக்கக் கூடாது.

‘இது வெறும் ஆடிட்தான்’ என்று சொல்லி நெறிமுறைக் குழுவைத் தவிர்ப்பது இன்னொரு வழக்கம். இருக்கும் தரநிலையோடு உங்கள் வார்டை ஒப்பிட்டால் ஆடிட். புதிய அறிவைத் தேடினால் ஆய்வு. சந்தேகம் இருந்தால் குழுவே முடிவு செய்யட்டும், பின்தேதியிட்ட ஒப்புதல் என்று ஒன்று கிடையாது. நோயாளிகளைப் பிரித்துச் சிகிச்சை கொடுக்கும் சோதனை என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும். 2005-லிருந்து முக்கிய மருத்துவ இதழ்கள் இதைக் கறாராகக் கேட்கின்றன.

கால் புண் படங்கள் உங்கள் சொந்தப் போனில், குழந்தையின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே இருக்கின்றனவா? இன்றே மருத்துவமனை முறைப்படி மாற்றிவிட்டு அழித்துவிடுங்கள்.

தனியாக ஓடுவது, போகும்போது எடுத்துப்போவது

ஒரு மருத்துவமனையில் ஒரு பயிற்சியாளர் சேர்க்கும் எண்ணிக்கை எப்போதும் சிறியது. பிரிட்டனில் ரத்தநாளப் பயிற்சியாளர்கள் வெர்ன் என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்து, இடுப்புக் கவட்டைக் காயத் தொற்றை ஒரே படிவத்தில் பல மருத்துவமனைகளில் பதிந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வேலை கொஞ்சம்தான், சேர்ந்தபோது பல நாட்டு ஆய்வாகிவிட்டது. தனிப் பெயருக்கு ஆசைப்பட்டு முப்பது நோயாளிகளோடு மூன்று வருடம் போராடுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

ஆசிரியர் வரிசையை முதல் கூட்டத்திலேயே எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பேசும்போது வரும் சங்கடத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

முழுநேர ஆய்வுக்கு ஒரு வருடம் போகிறவர்கள் வாரம் ஒருநாளாவது தியேட்டருக்குள் இருக்கும்படி முன்பே பேசிக்கொள்வது நல்லது. திரும்பி வந்த முதல் வாரம் தையல் போடும் கை தயங்கினால், பக்கத்தில் நிற்கும் ஜூனியருக்கும் தெரிந்துவிடும்.

கடைசியாக, இடமாற்றம். பயிற்சி அடுத்த மருத்துவமனைக்கு நகரும் நாளில் தரவுக் கோப்பு யாரோ ஒருவரின் லேப்டாப்பில், ‘இறுதி_புதிய_2’ என்ற பெயரில் கிடக்கும். அதில் ‘1’ என்றால் புகைப்பவரா, புகைத்தலை விட்டவரா என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு நெடுவரிசையின் பொருளையும் ஒரு தாளில் எழுதி, கோப்பை மருத்துவமனைச் சர்வரில் வைத்து, அடுத்து வருபவரை உட்காரவைத்து ஒரு நோயாளியின் தரவை அவரையே பதியச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ, அந்த இடத்தில் உங்கள் தாளில் இன்னும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது.